வலி மாத்திரையால்தான் தடித்ததா? கண்டுபிடிப்பது எப்படி

“எனக்கு எந்த வலி மாத்திரை அலர்ஜின்னு ஒரு பிளட் டெஸ்ட் எடுத்துப் பார்த்துடலாமா?” மெடிக்கல் கவுண்டருக்கு உள்ளே நிற்பவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். பெரும்பாலான வலி மாத்திரைகளுக்கு நம்பிச் சொல்லும்படியான அப்படி ஒரு டெஸ்ட் இல்லை என்று சொன்னால் யாரும் லேசில் நம்புவதில்லை. சர்க்கரைக்கு இருக்கிறது, தைராய்டுக்கு இருக்கிறது, டெங்குவுக்கு இருக்கிறது, இதற்கு மட்டும் எப்படி இல்லாமல் போகும்? சில லேபுகள் ‘மருந்து அலர்ஜி பேனல்’ என்று நீளமான பட்டியலே அச்சடித்துத் தருகின்றன. அதில் ஐபுபுரூஃபனுக்கு நேரே ஓர் எண் இருந்தால், அதை வைத்து அந்த மாத்திரையைப் போடலாம் என்றோ கூடாது என்றோ முடிவு செய்ய முடியாது.

பிறகு எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்? முக்கால்வாசி வேலை விசாரணையிலேயே முடிகிறது. எந்த மாத்திரை, எத்தனை மணிக்குப் போட்டது, எவ்வளவு நேரம் கழித்து உடம்பில் என்ன வந்தது, அதற்கு முன்னும் பின்னும் வேறு என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் துருவித் துருவிக் கேட்பார். அதில் தீராத மீதிக்கு, அதே மருந்தையோ அதன் சொந்தக்கார மருந்தையோ ஆஸ்பத்திரியில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்ப்பார்கள். தோலில் குத்திப் பார்ப்பதும் ரத்தம் எடுப்பதும் சில சமயம் துணைக்கு வரும், அவ்வளவுதான். அதனால் டாக்டரிடம் நாம் கொண்டுபோகும் தகவல் அரைகுறையாக இருந்தால் அவர் சொல்லும் முடிவும் அரைகுறையாகத்தான் இருக்கும்.

அலர்ஜி மாதிரி தெரிபவை

‘எனக்கு வலி மாத்திரை சேராது’ என்பவர்களில் நிறையப் பேருக்கு இருப்பது அலர்ஜியே இல்லை. மாத்திரை போட்டதும் நெஞ்செரிச்சல், வயிற்றுவலி, வாந்தி என்றால் அது பக்கவிளைவு. இரைப்பையின் உட்சுவரைக் காப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குவதிலும் அதற்குப் பங்கு உண்டு. வலி மாத்திரை அதைக் குறைக்கும்போது வலி போகிறது, இரைப்பையின் காவலும் கூடவே போகிறது. கால் வீங்குவதும் பிரஷர் ஏறுவதும் கிட்னி கெடுவதும் இதே கணக்கில் வருபவைதான். ஆபத்தில்லாதவை என்று சொல்லவில்லை. ஆனால் இவற்றைச் சமாளிக்கும் வழி வேறு.

அடுத்தது ஊசி மயக்கம். டைக்ளோ (டைக்ளோஃபினாக்) என்ற வலி ஊசி போட்ட மறுநிமிடமே முகம் வெளுத்து, வேர்த்து, கண் இருட்டி ஒருவர் சரிகிறார். உடனே சீட்டில் ‘அலர்ஜி’ என்று எழுதிவிடுகிறார்கள், அது அவர் ஆயுசுக்கும் கூடவே வருகிறது. பயத்திலும் வலியிலும் வரும் சாதாரண மயக்கத்தில் நாடி மெதுவாகும், தோல் வெளுத்துக் குளிரும். படுக்கவைத்துக் காலைத் தூக்கினால் சீக்கிரம் தெளிந்துவிடும். அலர்ஜி அதிர்ச்சியில், அதாவது அலர்ஜியால் பிரஷர் சட்டென்று இறங்கும்போது, பொதுவாக நாடி வேகமாக ஓடும். அரிப்பு, தடிப்பு, முகச்சிவப்பு, மூச்சிரைப்பு என்று ஏதாவது ஒன்று கூடவே வரும். நாடியையும் பிரஷரையும் அந்த நேரத்திலேயே பார்த்து எழுதிவைத்தால்தான் பின்னால் பிரித்துச் சொல்ல முடியும். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் ‘மயங்கிட்டேன்’ என்ற ஒரு வார்த்தைதான் கிடைக்கும்.

காய்ச்சலுக்குப் போட்ட மாத்திரை என்றால் இன்னொரு சிக்கல். டெங்கு, சிக்குன்குனியா, தட்டம்மை எல்லாமே உடம்பில் சிவப்புத் தடிப்பைக் கொண்டுவரும். பிள்ளைகளுக்கு வரும் பல வைரஸ் காய்ச்சல்களும் அப்படித்தான். மூன்றாம் நாள் பாராசிட்டமால் சிரப் கொடுத்து நாலாம் நாள் உடம்பு சிவந்தால் பழி சிரப் மேல் விழும். அதோடு ஓர் ஆன்டிபயாடிக்கும் கொடுத்திருந்தால் யார் குற்றவாளி என்று சொல்வது இன்னும் கஷ்டம். (டெங்கு சந்தேகம் இருந்தால் ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்வது ரத்தக்கசிவு பயத்தால். அதற்கும் அலர்ஜிக்கும் சம்பந்தமில்லை.)

தலைகீழாக, மாத்திரை தப்பித்துக்கொள்வதும் உண்டு. உடம்பெல்லாம் தட்டுத் தட்டாகத் தடித்து அரித்தால் நம் பக்கம் காணாக்கடி என்று வேப்பிலையைத் தேடுவார்கள். கத்திரிக்காய், கருவாடு, இறால் என்று முந்தின வேளைச் சாப்பாடு முழுக்க சந்தேகத்துக்கு ஆளாகும். மத்தியானம் தலைவலிக்குப் போட்ட மாத்திரை யார் நினைவிலும் இருக்காது. இதில் வேடிக்கை என்னவென்றால், சிலருக்கு இரண்டும் சேர்ந்துதான் வேலையைக் காட்டும். உவரி, கூத்தங்குழி மாதிரி கடற்கரை ஊர்களில் இறால் சாப்பிடாத வீடு ஏது? இறால் மட்டும் சாப்பிட்டால் ஒன்றும் ஆவதில்லை, மாத்திரை மட்டும் போட்டாலும் ஒன்றும் ஆவதில்லை, இரண்டும் ஒரே வேளையில் சேர்ந்தால் மேல் தடித்துவிடும் என்ற ஆட்கள் இருக்கிறார்கள். லேசாக இருக்கும் உணவு அலர்ஜியை வலி மாத்திரை கிளப்பிவிடுகிறது. அதனால்தான் டாக்டர் மாத்திரையைப் பற்றிக் கேட்கும்போது சாப்பாட்டையும் கேட்கிறார்.

உள்ளே நடப்பது இரண்டு விதம்

செல்லின் சவ்வில் இருந்து அராக்கிடோனிக் அமிலம் என்று ஒரு கொழுப்பு அமிலம் பிரிந்து வரும். அது இரண்டு வழியில் போகலாம். ஒரு வழியில் காக்ஸ் என்ற நொதி அதைப் பிடித்துப் புரோஸ்டாகிளாண்டினாக மாற்றும். இன்னொரு வழியில் அது லூக்கோட்ரையீன் என்ற பொருளாகும். ஆஸ்பிரினும் அதன் கூட்டாளிகளும் முதல் வழியைத்தான் அடைக்கின்றன என்று ஜான் வேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி 1971-ல் காட்டினார். அந்தத் துறை வேலைக்காக 1982-ல் அவருக்கும் சுவீடன்காரர்கள் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. தாமிரபரணி அணைக்கட்டு ஒன்றில் ஒரு பக்கக் கால்வாயின் மதகை இறக்கினால் எதிர்ப்பக்கக் கால்வாயில் தண்ணீர் கூடுமே, அதுதான் இங்கேயும் நடக்கிறது. லூக்கோட்ரையீன் பெருகுகிறது. பெரும்பாலோருக்கு உடம்பு அதைத் தாங்கிக்கொள்ளும். சிலருக்கு மூச்சுக்குழல் சுருங்கும், மூக்கு ஒழுகும், தோல் தடிக்கும், உதடும் கண்ணிமையும் வீங்கும்.

இந்த முதல் விதத்தில் நோய் எதிர்ப்பு மண்டலம் அந்த மருந்தை ‘அடையாளம்’ வைத்திருப்பதே இல்லை. மாத்திரையின் வேலையே தொந்தரவாகிறது. அதனால் அதே வேலையைச் செய்யும் எந்த மாத்திரையும் அதே தொந்தரவைத் தரும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், நாப்ராக்சென், மெஃபினாமிக் ஆசிட் எல்லாமே இதில் அடக்கம். வாழ்க்கையில் முதல் தடவை போடுகிற மாத்திரைகூடக் கிளப்பிவிடும். அளவு கூடினால் தொந்தரவும் கூடும்.

இரண்டாவது விதம்தான் நாம் வழக்கமாக அலர்ஜி என்று புரிந்துவைத்திருப்பது. உடம்பு ஒரு குறிப்பிட்ட மருந்துக்கு எதிராக ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயார் செய்து வைத்திருக்கும். அந்த மருந்து உள்ளே வந்ததும் நிமிடங்களில் பாயும். இதில் ஆள் ஒரு மருந்துக்கோ அதன் ரசாயனக் குடும்பத்துக்கோ மட்டும்தான் பகை. டைக்ளோஃபினாக்கால் பிரஷர் இறங்கி விழுந்தவர் ஆஸ்பிரினை ஒன்றும் ஆகாமல் சாப்பிடலாம். ஆனால் அசிக்ளோஃபினாக், டைக்ளோஃபினாக்கின் நெருங்கிய சொந்தம். அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

இந்தப் பிரிவினையைக் கண்டுபிடிப்பதுதான் டாக்டரின் முதல் வேலை. ஒரே மாத்திரைதான் ஆகாதா, கூட்டமே ஆகாதா? பதிலைப் பொறுத்து அந்த ஆளுக்கு மூட்டுவலி வந்தாலும் பல் பிடுங்கினாலும் ஹார்ட்டில் ஸ்டென்ட் வைத்தாலும் என்ன கொடுப்பது என்பதே மாறிவிடுகிறது.

முதல் விதம் யாருக்கு அதிகம் என்பது தெளிவாகவே தெரியும். பெரியவயதில் தொடங்கிய ஆஸ்துமா, மூக்கில் சதை வளர்ந்து அடைப்பு, வாசனை தெரியாமல் போவது, இதோடு வலி மாத்திரை போட்டால் மூச்சு முட்டுவது: இவை சேர்ந்து வருவதை 1922-லேயே பிரான்சில் விடால் என்ற டாக்டர் எழுதிவைத்தார். ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் 7 பேருக்கு இது இருக்கிறது. கடுமையான ஆஸ்துமாக்காரர்களில் அது இரட்டிப்பு. முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் பெண்களை எண்ணிப்பாருங்கள். நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து கழுத்தும் இடுப்பும் கடுக்கும், மடியில் தட்டு நிறைய புகையிலைத் தூள். இருமலும் இளைப்பும் தூளால் வருவதாகவே எடுத்துக்கொள்வார்கள். ராத்திரி எட்டு மணிக்கு இடுப்புவலிக்கு மாத்திரை, ஒன்பது மணிக்கு மூக்கு ஒழுகி மூச்சு இழுக்கிறது என்றால், அதையும் தூள் கணக்கிலேயே சேர்த்துவிடுவார்கள். அந்த ஒரு மணி நேர இடைவெளியை யாராவது ஒருவர் கவனித்தால் பாதி நோயைக் கண்டுபிடித்தாயிற்று.

இன்னொரு கூட்டம், மாத்திரை இல்லாமலே வாரக்கணக்கில் தடிப்பு வந்து வந்து போகிறவர்கள். அவர்களில் கணிசமானவர்களுக்கு வலி மாத்திரை போட்டால் அது கூடும். மாத்திரையை நிறுத்தினாலும் தடிப்பு முழுக்கப் போகாது, ஏனென்றால் அடிப்படை நோய் தனியாக இருக்கிறது. ‘மாத்திரையை விட்டும் சரியாகலையே, அப்போ மாத்திரை காரணமில்லை’ என்று அவசரப்படக் கூடாது.

விசாரணையும் பாதி அட்டையும்

இனி நாம் கையில் என்ன கொண்டுபோக வேண்டும் என்று பார்க்கலாம். முதலாவது மாத்திரை அட்டை. இங்கேதான் நம் ஊர் வழக்கம் காலை வாருகிறது. ‘மேல்வலிக்கு ஒரு செட்’ என்று கேட்டால் மூன்று நாலு அட்டையில் இருந்து ஒவ்வொன்றாக வெட்டி, சின்னக் காகிதக் கவரில் போட்டுக் கொடுக்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. வெட்டின துண்டில் பெயர் முழுசாக இருக்காது. ‘...க்ளோஃபினாக்’ என்று வால் மட்டும் ஒரு துண்டில் நிற்கும். அது டைக்ளோஃபினாக்கின் வாலா, அசிக்ளோஃபினாக்கின் வாலா? இரண்டுக்கும் வால் ஒன்றுதான். கூடவே ஒரு மஞ்சள் மாத்திரை, ஒரு சின்ன வெள்ளை. மஞ்சள் என்ன என்று கொடுத்தவருக்கே மறுநாள் நினைவிருக்காது. நான் இதை எழுதுவது தொழில்காரர்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். ஆனாலும் சொல்கிறேன்: முழு அட்டையாக வாங்குங்கள், பில் கேளுங்கள், தடிப்பு வந்தால் கவரைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள்.

முழு அட்டையே இருந்தாலும் முன்பக்கத்துப் பெரிய எழுத்தை மட்டும் பார்த்தால் போதாது. பின்னால் பொடி எழுத்தில் இருப்பதுதான் சங்கதி. காம்பிஃப்ளாமில் ஐபுபுரூஃபனும் பாராசிட்டமாலும் சேர்ந்தே இருக்கின்றன. மெஃப்டால் ஸ்பாஸில் மெஃபினாமிக் ஆசிடோடு வயிற்றுப் பிடிப்புக்கான டைசைக்ளோமின் இருக்கிறது. மூட்டுவலிக்கு எழுதும் பல மாத்திரைகளில் அசிக்ளோஃபினாக், பாராசிட்டமால், வீக்கத்துக்கு செராட்டியோபெப்டிடேஸ் என்று மூன்று பேர் கூட்டணி. ஹார்ட்டுக்குத் தினமும் போடும் ஈகோஸ்பிரின் வேறொன்றுமில்லை, சின்ன அளவு ஆஸ்பிரின். ‘ஆஸ்பிரின் எனக்கு ஆகாது’ என்று சொல்லிக்கொண்டே வருஷக்கணக்கில் ஈகோஸ்பிரின் போடுகிறவர் இருந்தால், அந்தத் தகவலே டாக்டருக்குப் பெரிய துப்பு. பெயர் எழுதாத மூட்டுவலிப் பொடி, பாட்டில் மருந்து எதையாவது ஊர்ப்பக்கம் வாங்கிச் சாப்பிட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவற்றில் இங்கிலீஷ் வலி மாத்திரையைக் கலந்து விற்பதும் நடக்கிறது. முழங்காலில் தடவும் ஜெல்லையும் விட வேண்டாம். கீட்டோபுரோஃபன் ஜெல் தடவிய இடத்தில் வெயில் பட்டால் தோல் சிவந்து கொப்புளிக்கலாம், நம் வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம்.

இரண்டாவது, நேரம். மாத்திரை போட்ட சில நிமிடங்களில் இருந்து ஒரு மணி நேரத்துக்குள் என்றால் ஐஜிஇ விதத்தின் மேல் சந்தேகம் போகும். அரை மணியில் இருந்து மூன்று மணி நேரம், சில சமயம் ஆறு மணி நேரம் வரை என்றால் முதல் விதமாகவும் இருக்கலாம். ஒரு நாள் கழித்து, இரண்டு நாள் கழித்து, வாரம் கழித்து என்றால் அது வேறு வகை. அதைப் பிறகு சொல்கிறேன். ‘அன்னைக்கு ராத்திரி’ என்று சொல்வதைவிட ‘ஏழரைக்குப் போட்டேன், எட்டேகாலுக்கு உள்ளங்கை அரிச்சுது’ என்று சொன்னால் டாக்டருக்குப் பெரிய உதவி.

மூன்றாவதைத்தான் நிறையப் பேர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்: அதற்குப் பிறகு என்ன போட்டீர்கள்? வோவரான் (டைக்ளோஃபினாக்) போட்டுத் தடித்தவர், மூன்று மாதம் கழித்துப் பல்வலிக்குப் புரூஃபன் (ஐபுபுரூஃபன்) போட்டு ஒன்றும் ஆகவில்லை என்றால் ‘கூட்டமே ஆகாது’ என்ற வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். புரூஃபனுக்கும் தடித்தது என்றால், வெவ்வேறு குடும்பத்து மாத்திரைகள் இரண்டுக்குத் தடித்திருப்பதால், முதல் விதம் ஏறக்குறைய உறுதி. எந்த லேபிலும் கிடைக்காத தகவல் இது. ஆனால் ஒன்றும் ஆகாத மாத்திரையை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? டாக்டர் கேட்டால் வீட்டுக்காரரையும் மகளையும் கேட்டு யோசித்துச் சொல்லுங்கள்.

போன் எல்லோர் கையிலும் இருப்பதால் தடிப்பைப் படம் எடுத்துவைப்பது இப்போது சுலபம். காணாக்கடித் தடிப்பு ஒரு நாளுக்குள் இடம் மாறி மறைந்துவிடும், டாக்டரைப் பார்க்கும்போது தோல் சுத்தமாக இருக்கும். பகல் வெளிச்சத்தில், கிட்டத்தில் ஒன்று, தூரத்தில் ஒன்று எடுத்தால் போதும்.

கேள்வி கேட்க நேரமில்லாத நிலைமை

தடிப்போடு குரல் கம்முவது, தொண்டை அடைப்பது, மூச்சு இழுப்பது, தலை கிறுகிறுத்து விழுவது, தொடர்ந்து வாந்தி என்று எது சேர்ந்தாலும் அப்போது ஆராய்ச்சி வேண்டாம். படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சு முட்டினால் சாய்த்து உட்காரவையுங்கள், நடக்கவிடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். இதற்கு முதல் மருந்து அட்ரினலின், பெரியவர்களுக்குப் பொதுவாக 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கச் சதையில். நம் பக்கத்துக் கிளினிக்குகளில் ‘அவில், டெக்ஸா போட்டாச்சு’ என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அவில் அரிப்பு மருந்து, டெக்ஸா ஸ்டீராய்டு. அரிப்புக்கு அவை சரி. இறங்குகிற பிரஷரையும் அடைபடுகிற மூச்சுக்குழலையும் அவை அந்த நேரத்தில் காப்பாற்றாது. சரியான பிறகும் சில மணி நேரம் ஆஸ்பத்திரியிலேயே இருக்க வேண்டும், ஏனென்றால் மறுபடி ஒரு சுற்று வரலாம்.

இந்த நேரத்தில் ஒரு ரத்த டெஸ்ட் மட்டும் உண்மையிலேயே உதவும். டிரிப்டேஸ் என்பது அலர்ஜி அதிர்ச்சியில் மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்புச் செல்கள் கொட்டும் ஒரு நொதி. தொந்தரவு தொடங்கி அரை மணியில் இருந்து இரண்டு மணி நேரத்துக்குள், தவறினால் நாலு மணி நேரத்துக்குள் எடுத்து, ஒரு நாள் கழித்து மறுபடி எடுத்து ஒப்பிட வேண்டும். முதல் எண் தெளிவாக ஏறியிருந்தால் நடந்தது அலர்ஜி அதிர்ச்சிதான், ஊசி மயக்கம் இல்லை என்று சொல்லிவிடலாம். எந்த மருந்தால் என்று அது சொல்லாது. ஏறவில்லை என்பதால் அலர்ஜி இல்லை என்றும் ஆகாது.

குத்திப் பார்ப்பதும் கொடுத்துப் பார்ப்பதும்

‘டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்த்துத்தான் ஊசி போட்டாங்க’ என்று நிம்மதியாகச் சொல்பவர்கள் உண்டு. கையில் கொஞ்சூண்டு ஏற்றி, சிவக்கிறதா என்று பார்ப்பது. பென்சிலினுக்கு முறையாகச் செய்யும் தோல் டெஸ்டில் அர்த்தம் இருக்கிறது. வலி ஊசிகளில் பெரும்பாலானவற்றுக்கு அது பொய்த் தைரியம். முதல் விதத் தொந்தரவில் ஐஜிஇ எதிர்ப்பொருளே இல்லை என்று பார்த்தோம். இல்லாததைத் தோலில் தேடி என்ன பயன்? கை சிவக்காமல் இருக்கும், மருந்து முழுசாக ஏறியதும் ஆள் திணறுவார். புரோபிஃபினசோன், அனால்ஜின் இருக்கும் பைரசோலோன் குடும்பத்துக்கு மட்டும் தோல் டெஸ்ட் ஓரளவு கைகொடுக்கும். சாரிடானில் இருப்பது இந்தப் புரோபிஃபினசோன்தான்.

ஆகவே கடைசி வார்த்தை, கொடுத்துப் பார்க்கும் டெஸ்டுக்குத்தான். இதை வீட்டில் நீங்களே ‘பாதி மாத்திரை போட்டுப் பார்ப்போம்’ என்று செய்வதற்கும் ஆஸ்பத்திரியில் செய்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முதலில் தொந்தரவு வந்து குறைந்தது நாலு முதல் ஆறு வாரம் ஆகியிருக்க வேண்டும். அரிப்பு மாத்திரைகளைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், இல்லையென்றால் அவை முடிவை மறைத்துவிடும். ஆஸ்துமாக்காரர் என்றால் ஊதும் டெஸ்டில் மூச்சின் வலு எதிர்பார்க்கும் அளவில் 70 சதவீதமாவது இருக்க வேண்டும், ஆஸ்துமா கட்டுக்குள் இருக்க வேண்டும். கையில் ஊசி வழி போட்டுவைத்து, அட்ரினலின் பக்கத்தில் தயாராக வைத்துத்தான் தொடங்குவார்கள்.

முதல் நாள் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுப்பதும் உண்டு. அதற்கே ‘அரிக்குது டாக்டர், நெஞ்சு அடைக்குது’ என்பவர்கள் இருக்கிறார்கள். பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. ஒரு தடவை பயந்த உடம்பு அப்படித்தான் இருக்கும். அடுத்த நாள் ஆஸ்பிரினைச் சின்ன அளவில் தொடங்கி, ஒன்றரை இரண்டு மணி நேர இடைவெளியில் ஏற்றிக்கொண்டே போய் 500 மில்லிகிராம் வரை கொண்டுபோவார்கள். நடுவில் தோல், மூக்கு, பிரஷர், ஊதும் டெஸ்ட் எல்லாம் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். மூச்சின் வலு 20 சதவீதம் குறைந்தால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள், விடை கிடைத்தாயிற்று.

டைக்ளோஃபினாக் போட்டுத் தடித்தவருக்கு ஏன் ஆஸ்பிரினைக் கொடுத்துப் பார்க்கிறார்கள் என்று கேட்கலாம். ஆஸ்பிரின் வேறு குடும்பம், ஆனால் அதே காக்ஸ் வழியை அடைப்பது. அது தாங்கினால் ஆளுக்கு டைக்ளோவும் அதன் சொந்தமும் மட்டும்தான் ஆகாது. அதுவும் தாங்கவில்லை என்றால் கூட்டமே ஆகாது. ஒரே டெஸ்டில் இரண்டு கேள்விக்குப் பதில். அலர்ஜி அதிர்ச்சியில் விழுந்த ஆளுக்கு அவரை விழவைத்த மருந்தையே மறுபடி கொடுத்துப் பார்க்காமல் இந்தச் சுற்றுவழியில் போகலாம் என்பதும் ஒரு லாபம்.

இதெல்லாம் எல்லா ஊரிலும் நடப்பதில்லை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி மாதிரி இடத்தில் நெஞ்சக நோய்ப் பிரிவையோ தோல் நோய்ப் பிரிவையோ முதலில் பாருங்கள். டெஸ்ட் தேவையா, எங்கே செய்யலாம் என்று அவர்கள் வழிகாட்டுவார்கள்.

மெதுவாக வருபவை

சில தொந்தரவுகளில் கொடுத்துப் பார்க்கும் பேச்சே கூடாது. காய்ச்சலோடு வாய், கண், பிறப்புறுப்பில் புண் வந்து, தோல் எரிந்து, கொப்புளித்து உரிந்தால் அது ஸ்டீவன்ஸ் ஜான்சன் வகை. உயிருக்கே ஆபத்து, உடனே அட்மிஷன். காரணமான மருந்தை ஆயுசுக்கும் தொடக் கூடாது. இன்னொன்று டிரெஸ் எனப்படுவது: மாத்திரை தொடங்கி இரண்டு முதல் எட்டு வாரம் கழித்துக் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, முகவீக்கம், நெறிகட்டுதல், ஈரல் பாதிப்பு. மெஃபினாமிக் ஆசிடால் இது வரக்கூடும் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பரில் எச்சரிக்கை விட்டது. மாதவிடாய் வலிக்கு வீட்டில் எப்போதும் இருக்கும் மாத்திரை என்பதால் அப்போது நிறையப் பேர் பதறிப்போய்க் கடைக்கு வந்தார்கள். அரிதாக வருவதுதான், ஆனால் மாத்திரையை நிறுத்தி ஒரு வாரம் ஆனபிறகு வந்தாலும் அதுவே காரணமாக இருக்கலாம் என்று தெரிந்திருப்பது நல்லது.

இவற்றில் லேசானது, நம் ஆட்களிடம் நிறையப் பார்ப்பது, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் கருந்திட்டு. உதட்டிலோ தொடையிலோ வட்டமாக ஒரு சிவப்பு வந்து, ஆறி, கறுத்து நிற்கும். அடுத்த தடவை அதே மாத்திரை போட்டால் அதே இடம் மறுபடி எரிந்து சிவக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு டெஸ்டும் வேண்டாம், அந்தத் திட்டும் தேதியும் போதும்.

முடிவு தெரிந்த பிறகு

ஒரு மருந்துதான் ஆகாது என்று தெரிந்தால், ‘டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் கூடாது, ஆஸ்பிரின் 500 தாங்கியது, தேதி இன்னது’ என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ‘வலி மாத்திரை அலர்ஜி’ என்று மொட்டையாக எழுதியதால் பல் பிடுங்கிவிட்டு ஒன்றும் போடாமல் ராத்திரி முழுக்கத் துடித்தவர்கள் இருக்கிறார்கள். கூட்டமே ஆகாது என்றாலும் வழி அடைபட்டுவிடவில்லை. பாராசிட்டமால் 500 அளவில் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். 1000 அளவுக்குப் போனால் சில ஆஸ்துமாக்காரர்களுக்குச் சிக்கல் வரலாம். காக்ஸ் நொதியில் இரண்டாம் வகையான காக்ஸ்-2-ஐ மட்டும் அடைக்கும் எட்டோரிகாக்ஸிப், செலிகாக்ஸிப் மாத்திரைகளும் பொதுவாகத் தாங்கும். முதல் மாத்திரையை மட்டும் டாக்டரின் கண்முன்னே போட வேண்டும். ஸ்டென்ட் வைத்தவருக்கு ஆஸ்பிரின் ஆகாது என்றால், ஆஸ்பத்திரியில் வைத்து மில்லிகிராம் மில்லிகிராமாக ஏற்றி உடம்பைப் பழக்கும் முறை இருக்கிறது. பழகிய பிறகு தினமும் தவறாமல் போட்டுவர வேண்டும். சில நாள் விட்டால் பழக்கம் போய்விடும், மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நடந்ததை அரசுக்குத் தெரிவிக்கவும் வழி உண்டு. 2010-ல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024. டாக்டர்தான் கூப்பிட வேண்டும் என்றில்லை, தடித்தவரே கூப்பிடலாம். மருந்தின் பெயர், அட்டையில் இருக்கும் பேட்ச் எண், போட்ட தேதி, என்ன வந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள்.